இரண்டாம் பாகம் கிடைத்துவிட்டது, அண்ணா

விடுதி அறையைப் பெருக்கக் குனிந்தபோது, கட்டிலுக்கு அடியில் முதலில் ஒரு கைதான் தெரிந்தது. நகம் பிய்ந்து, விரல் அழுகிய கை. நான் அலறவில்லை, அண்ணா. அந்தக் கையை எனக்குத் தெரியும். நீ படித்துச் சொன்ன ஜாம்பி புத்தகத்தின் அட்டையில் இருந்த அதே கை. இந்தப் புத்தகத்தில் கைக்குப் பக்கத்தில் 2 என்று போட்டிருந்தது. அறையைக் காலி செய்த வெள்ளைக்காரர் விட்டுப்போயிருக்கிறார்.

செங்கம் ரோட்டு நெட் சென்டரில் நீ வேலை பார்த்தபோது, ஆள் வராத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் அந்த ஜாம்பி விளையாட்டைத்தான் ஆடுவாய். அதையே கதையாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாள் முதல் பாகத்தோடு வந்தாய். எட்டாவதோடு நின்றுவிட்ட எனக்காக வரிவரியாகத் தமிழில் சொன்னாய். கதையில் வரும் ஊர்ப் பெயர் உன் வாயில் நுழையாததால் எல்லாமே நம் ஊரில் நடந்தது.

"செத்தவங்க எப்படிண்ணா நடப்பாங்க?"

"கிரிவலம் போறவங்கள கடைசியில குபேர லிங்கத்துகிட்ட பாத்திருக்க இல்ல, அப்படித்தான். கால இழுத்து இழுத்து."

அடுப்படியிலிருந்த அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

கடைசிப் பக்கத்தில், கடிபட்டுச் செத்த அண்ணன் எழுந்துவந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே தங்கை தாழ்ப்பாளில் கை வைத்து நிற்கிறாள். அதோடு முடிந்துவிட்டது. திறந்தாளா என்று கேட்டேன்.

"ரெண்டாம் பாகத்துலதான் தெரியும். நீயா இருந்தா தெறந்துடாத பாப்பா. அவனுக்கு உன்ன அடையாளம் தெரியாது, கடிச்சுடுவான்."

"கடிக்கட்டும்."

"லூசு" என்று தலையில் தட்டினாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. பஸ் ஏறி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன உன்னைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். பெண்கள் தெருமுனைவரைதான் வரலாம். அங்கே அத்தை என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "திரும்பிப் பாக்காம வாடி. பாத்தா பின்னாலயே வந்துடுவான்." மேளச் சத்தம் தேயும்வரை மண்ணைப் பார்த்தே நடந்தேன். பார்த்திருந்தால் வந்திருப்பாயா, அண்ணா?

இன்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து இந்த இரண்டாம் பாகத்தைப் புரட்டினேன். அந்த இங்கிலீஷில் எனக்குப் பிடிபட்டது 'டோர்' ஒன்றுதான். விடுதி அறை ஒவ்வொன்றிலும் ஒட்டியிருக்கிறதே, கதவைப் பூட்டிவிட்டுப் போகச் சொல்லி. முதல் பக்கத்திலேயே அந்தச் சொல் இருந்தது. சுற்றியிருந்தவை எதுவும் புரியவில்லை. அவள் திறந்தாளா இல்லையா என்று சொல்ல நீ இல்லை.

நீ போனதிலிருந்து பொழுது சாய்ந்ததுமே அம்மா தாழ்ப்பாள் போட்டுவிடுகிறாள். இன்றும் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

நான் எழுந்து போய் அதை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.