முதலில் யார் கை நனைப்பது

திருவண்ணாமலை
6-10-1985

அன்பு மகள் குமுதவல்லிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மலைமேல் மேகம் இருக்கிறது. குறை இல்லை. அங்கே நீ சுகமா என்று கேட்பது வழக்கம். இந்த முறை கேட்கவில்லை. நீ சுகமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிந்தது. கொஞ்சம் ஜாஸ்தியாகவே தெரிந்தது.

அப்பா ஒரு தடவை படித்துவிட்டு, பொண்ணு என்னமா எழுதுது பாருடி, பேப்பருக்கே அனுப்பலாம் என்று சொல்லி ஆபீசுக்குப் போய்விட்டார். நான் பிறகு படித்தேன். மறுபடி படித்தேன். நான் எங்கே வருகிறேன் என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் வருகிறேன். அதுவரைக்கும் மாய். மாய் புலியின் கால்தடம் காட்டினாள். மாய் செம்மண்ணும் வெள்ளை மண்ணும் குழைத்துச் சுவரில் மயில் வைத்தாள். மாய் சொன்னாள், மாய் சிரித்தாள், மாய்க்குக் காய்ச்சல் வந்து நீ இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாய். மான் எண்ணப் போன இடத்தில், வடக்கே அந்தக் காட்டூரில், நீ குடியிருக்கும் வீட்டுக்காரி. சுக்வாரோ என்று பெயர் இருக்கிறது அவளுக்கு. போன வருஷம் வரை உன் கடிதங்களில் சுக்வாரோ என்றுதான் இருந்தது. இப்போது மாய். அவர்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம் என விளக்கம் வேறு. விளக்காமலே புரிந்தது.

போட்டோவும் பார்த்தேன். வாசலில் நீ தரையில் உட்கார்ந்திருக்கிறாய், அவள் பின்னால் உட்கார்ந்து உனக்குத் தலைவாருகிறாள். பன்னிரண்டு வயதில் வலிக்குதுன்னு என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கிக்கொண்டவள் நீ. அதற்குப் பிறகு உன் தலையில் நான் கை வைத்ததில்லை. அவள் நன்றாக இழுத்துத்தான் வாருகிறாள், போட்டோவிலேயே தெரிகிறது. நீ கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாய். அப்பா அதை அலமாரிக் கண்ணாடியில் செருகி வைக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். வயித்தெரிச்சலாடி உனக்கு என்றார். ஆமாம் என்றேன். 

கோதோ சோறு என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். மண் வாசனை, மழை வாசனை, இன்னும் என்னென்னவோ. வேலூர் காலேஜில் படித்தபோது வாங்கிய என் தாவரவியல் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தேன். வரகு. நம் வரகு. அதைத்தான் இங்கே பொங்கிப் போட்டபோது தட்டைத் தள்ளிவிட்டுக் கோழிக்குப் போடும்மா என்றாய்.  அதில் இருக்கும் மரங்களின் பெயர்கள் எனக்கு இன்னும் வாயில் நிற்கின்றன. அந்த மரங்கள் நிற்கும் இடத்தில் நீ நிற்கிறாய். காலேஜில் எங்களை ஒரே ஒரு நாள் ஜவ்வாது மலைக்குக் கூட்டிப்போனார்கள், பொழுது சாய்வதற்குள் பஸ் ஏற்றிவிட்டார்கள். அவளைப் பார்த்து மட்டும் எனக்குப் பொறாமை என்று அப்பா நினைக்கிறார். அப்படியே நினைக்கட்டும்.

உன் திட்டத்துக்கு வருகிறேன். நான் புரிந்துகொண்டது சரியா பார். காட்டைத் தேசியப் பூங்கா ஆக்கியபின் புலி பார்க்க வருகிறவர்கள் வருஷா வருஷம் பெருகுகிறார்கள். ஓடைக்கரையில் உங்கள் ஊர்க்காரர்களின் நிலத்தைக் கேட்டு ஒரு நகரத்து ஓட்டல்காரன் வந்து நிற்கிறான். அங்கே அவன் கட்டடம் வந்தால் விளக்கும் ரேடியோவும் ஜீப்பும் வரும், மான் தண்ணீருக்கு வராது. அதற்குப் பதிலாக, வருகிற ஆட்களை ஊர் வீடுகளிலேயே தங்கவைப்பது. ஒரு நேரத்தில் சில பேர்தான். வீட்டில் வேகிறதையே அவர்களும் சாப்பிடுவது. வருமானம் ஊர்ப் பொதுவுக்கு. பார்க்க வந்தவன் கேட்டான் என்பதற்காக ஆடுவது பாடுவது கிடையாது, அவர்கள் பண்டிகை வந்தால் அவர்களே ஆடுவார்கள், இருக்கிறவன் பார்த்துக்கொள்ளலாம். நல்ல திட்டம். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று. விருந்தாளி வைப்பதைப் பற்றி இவ்வளவு எழுதியவள், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு இத்தனை வருஷமாக மாடி அறையை விட்டுக்கொண்டிருக்கிற ஒருத்தியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அறைக்கு என்ன வேண்டும், எத்தனை பேரை வைக்கலாம், எல்லாம் மாயிடம் கேட்டாயாம். மாயின் வீட்டுக்கு இதுவரை வந்த விருந்தாளி நீ ஒருத்திதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். குழாய் வைக்காதே, வாளி வை. வாளி வைத்தால் எவ்வளவு தண்ணீர் என்று குளிக்கிறவனுக்கே தெரியும். ரோட்டை ஒட்டிய வீட்டுக்கே எல்லாரும் வருவார்கள், மூலைவீட்டுக்காரி வாய் விட்டுக் கேட்கமாட்டாள், மனசுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் ஊரையே இரண்டாக்குவாள், அதனால் முறை வைத்து அனுப்பு. குழந்தைகளுக்கு யாரும் எதுவும் கையில் கொடுக்கக் கூடாது. இங்கே யாரோ ஒரு புண்ணியவான் எப்போதோ ஒரு பிள்ளைக்குப் பேனா கொடுத்தான், இன்றைக்கும் வெள்ளைத் தோலைக் கண்டால் தெருப் பிள்ளைகள் எல்லாம் பேனா பேனா என்று ஓடுகின்றன. எழுதத் தெரியாத பிள்ளைகூட ஓடுகிறது.

கூத்து விஷயம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். போன வைகாசியில் வேங்கிக்கால் பக்கத்து ஊரில் பாரதம் நடந்தது. அர்ஜுனன் தபசு அன்றைக்கு நம் மாடியில் இருந்தவர்களும் போனார்கள், நானும் கூடப் போனேன். கூத்துக்காரர் ஆதிமூலம் அர்ஜுனன் வேஷம். விரதம் இருந்து, பாட்டுப் பாடிப் பாடிப் படிக்கு ஒரு பாட்டாகக் கம்பத்தில் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் இறைத்து, பிள்ளை இல்லாத பெண்கள் கீழே ஈரப் புடவையோடு படுத்திருந்து மடி ஏந்தி, எல்லாம் முடிந்து இறங்கிவிட்டார். நம் மாடிக்காரர் ஒருவர் போட்டோ சரியாக விழவில்லை, இன்னொரு முறை ஏறச் சொல்லுங்கள் என்று என்னிடம் வந்து நிற்கிறார்.  பக்கத்தில் இருந்த ஒருவன் போய்ச் சொல்லிவிட்டான். ஆதிமூலம் கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே, யோவ், பாசுபதம் ஒண்ணு வாங்கியாச்சு, மறுபடி போயி நின்னா சிவபெருமான் பிளாக்குல விக்கிறியாடான்னு கேப்பாருய்யா என்றார். சனம் எல்லாம் சிரித்தது. மாடிக்காரரும் என்னவென்று தெரியாமல் சிரித்தார். ஆனால் ஒரு லாட்ஜ்காரர் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. இப்போது அவர் மொட்டை மாடியில் சாயங்காலம் அரைமணி நேரக் கூத்து. விடிய விடிய ஆடுகிறதை அரைமணியில் ஆடுகிறார்கள், திரௌபதி கூந்தலை விரித்ததும் முடித்துவிடுகிறார்கள். சபதம் கேட்க யாருக்கும் நேரமில்லை. உங்கள் ஊரில் அப்படி ஆகக் கூடாது என்று நீ எழுதியிருப்பது சரி. மிகச் சரி. மாய் சொன்னதாக எழுதியிருக்கிறாய், நானும் சொல்கிறேன் என்று சேர்த்துக்கொள்.

இப்போது கடைசிப் பக்கம். ஊர்ப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள் என்கிறாய். இந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, ஆனா யார் பொண்ணு? இது பேச்சை நம்பி வெளியாளை வூட்டுக்குள்ள விடணும்னா, இதோட அம்மா வந்து எங்க ஊர்ல உக்காந்து ஒரு வேளை சாப்பிடட்டும் என்றார்களாம். அதன்பிறகு ஓட்டல்காரனுக்கு நிலம் இல்லை என்று சொல்லிவிடுவார்களாம். தை மாதத்துக்குள் சொல்லியாக வேண்டுமாம், இல்லாவிட்டால் அவன் முன்பணத்தோடு நிற்கிறான். வாம்மா, ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று எழுதியிருக்கிறாய்.

ஒரு வேளைச் சாப்பாடுதானே. நீ இந்த ஊர்ப் பெண்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சம்பந்தம் பேசப் போன வீட்டில் தண்ணீர் குடிப்போம், வெற்றிலை எடுப்போம், கை நனைக்க மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அந்தப் பெரியவர்கள் கேட்பதும் அதையேதான், அவர்களுக்குத் தெரிந்துதான் கேட்கிறார்கள். உனக்குத்தான் தெரியவில்லை. உன்னை இன்னொருத்தி வீட்டுப் பெண் என்று நானே போய் உட்கார்ந்து ஊர் பார்க்கச் சம்மதிக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். அடியே, அங்க என்ன கல்யாணமா நடக்குது, மான் எண்ணப் போன பொண்ணுடி அது என்று சிரிக்கிறார். உங்க தங்கச்சிக்கு செங்கத்துல பேசப் போனப்ப இலை போட்டதும் பசியோட எழுந்து வந்தீங்களே அது எதுக்கு என்று கேட்டேன். பேப்பரை விரித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு சாயிரா பானு, மாடி மெத்தைகளுக்கு உறை தைத்துக் கொடுக்கிறாளே, அவளிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டு, அக்கா, பொண்ணு வூட்டுக்காரங்க முதல்ல போயி கை நனைப்பாங்களா? எங்கள்லயும் கிடையாது, உங்கள்லயும் கிடையாது, அவங்க வரட்டும்க்கா முதல்ல என்றாள். உடனே எனக்கு மனசு குளிர்ந்தது. வர முடியாது என்று உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். ஒட்டிவிட்டேன்கூட.

பிறகு போஸ்ட் பண்ணப் போகும்போது லாட்ஜ் மாடியில் கொட்டுச் சத்தம். அரைமணிக் கூத்து தொடங்கிவிட்டது. ரோட்டில் நின்று கேட்டேன். மேலே கைத்தட்டினார்கள். நான் போகாவிட்டால் ஓடைக்கரையில் இதுதான். மாயும் இப்படிக் கைத்தட்டுகிறவர்கள் முன்னால் ஆட வேண்டியிருக்கும், அல்லது அவள் பெண்கள். அவளுக்காக வருத்தப்பட்டேன் என்று நினைக்காதே. உன் முகம்தான் தெரிந்தது. கைத்தட்டுகிறவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டு நீ. கடிதத்தைப் பெட்டியில் போடவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பில் போட்டேன்.

அதனால் இப்படிச் செய்வோம். தீபத்துக்கு அவள் இங்கே வரட்டும். அவளையும் அந்தப் பெரியவர்களில் இரண்டு பேரையும் நீ கூட்டிக்கொண்டு வா. வருஷா வருஷம் தீபத்துக்கு மாடியில் தங்கும் ஜெர்மன்கார அம்மாவுக்கு இந்த முறை இடமில்லை, சம்பந்தி வருகிறார்கள் என்று எழுதிவிட்டேன். அந்தம்மாவுக்கு என்ன புரியுமோ. மலையில் தீபம் தெரிகிறவரை இந்த ஊரில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றமாட்டார்கள், எல்லாரும் வாசலில் அகலோடு நிற்பார்கள் என்று அவளிடம் முன்பே சொல்லிவை. நிற்கட்டும் என் பக்கத்தில். மறுநாள் விடிந்ததும் மலைசுற்றும் பாதையில் அவர்களை நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன், எச்சில் இலையும் பாலிதீன் பையும் உடைந்த பாட்டிலும் குப்பை அள்ள ஆளில்லாத தண்ணீர்த் தொட்டிகளும். பக்தி என்று வருகிறவர்களே ஜாஸ்தியானால் ஊர் இப்படி ஆகிறது, புலி என்று வருகிறவர்கள் எப்படி ஆக்குவார்கள் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். நீ எவ்வளவு பேசினாலும் அந்தக் காலைநேரம் பேசுவதுபோல் வராது. என் வீட்டில் முதலில் அவர்கள் கை நனைக்கட்டும். உளுந்து வடையும் அடையும் போடுவேன். நன்றாகவே போடுவேன். அவள் சமையலைப் பற்றி நீ அரைப் பக்கம் எழுதினாய், என் சமையலைப் பற்றி அவள் ஊருக்குப் போய்ப் பேசட்டும்.

பிறகு அவர்களோடேயே நான் ரயில் ஏறுகிறேன். அப்பா வரவில்லையாம், லீவு இல்லையாம், மாடு பூனையை யார் பார்ப்பது என்கிறார், நம்மிடம் மாடும் இல்லை பூனையும் இல்லை. நான் வருகிறேன். ஊர் முன்னால் அவள் வீட்டில் உட்காருவேன், அவள் போடுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன், இன்னும் கொஞ்சம் போடு என்றும் கேட்பேன். பெரியவர்கள் போதும் என்கிறவரை சாப்பிடுவேன். ஓட்டல்காரன் வேறு ஓடை பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் குமுதா, எனக்கு அவர்கள் பேச்சு தெரியாது, நீதான் நடுவில் இருந்து சொல்லப்போகிறாய். எனவே இதைச் சொல். கை நனைத்தேன், ஊருக்குச் சம்மதம் சொன்னேன், விருந்தாளிகள் வரலாம். பெண்ணைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் அர்த்தம் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சொல். என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சிரித்துக்கொண்டு மாற்றிச் சொல்லாதே. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் நான் உட்கார்ந்திருப்பேன்.

காட்டிலும் வழியிலும் அண்ணாமலையார் உன்னைக் காக்கட்டும். நீ எடுத்த காரியம் நிலைக்கட்டும். மெட்ராஸ் சென்ட்ரலில் இறங்கினதும் அவர்களைக் கூட்டத்தில் விட்டுவிடாதே, பாரிமுனையில் திண்டிவனம் செஞ்சி வழி பஸ் ஏறு, தீபச் சமயத்தில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். இரவுக் குளிருக்குப் போர்வை நான் எடுத்து வைக்கிறேன், எல்லாருக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
ரேணுகாம்பாள்