தைலப் போத்தல் மூடிதான் ராணி

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் சாந்தனுக்கு,

மாதாவின்ர புண்ணியத்தில நான் சுகம், நீயும் அந்தப் பாரிஸ் குளிருக்குள்ள சுகமா இருப்பாய் எண்டு நம்புறன். என்ர சுகத்தில பாதி பொய், அதைத் தள்ளிப்போட்டு வாசி. போனில கதைச்சா பகிடி விட்டுத் தப்பிடுவன், அதுதான் எழுதுறன். பிழையளைப் பார்த்துச் சிரிக்காத, எட்டாம் வகுப்போட ஹாபருக்குக் கப்பல் மூட்டை தூக்கப் போனவன் நான்.

அம்மா போய் இண்டைக்கு இருபத்திரண்டு நாள். நேற்று பக்கத்து வீட்டு மஷூர் வந்து, அழுகிறதெண்டாலும் விளையாடிக்கொண்டு அழு எண்டு சொல்லி, அலுமாரிக்கு மேல கிடந்த செஸ் பலகையை இறக்கினான். கடைசியில அவனிட்ட ராசா மட்டும், என்னட்ட ராசாவும் ஒரு சிப்பாயும், இன்னும் ரெண்டு கட்டம் போனா அது ராணி. என்ர ராசாவை அவன்ர ராசாவுக்கு நேரெதிரா, நடுவில ஒரு கட்டம் விட்டு வச்சிட்டுக் கையை எடுத்தன். முறை என்ரயெண்டா ஆட்டம் சமன், ஆனா முறை அவன்ர. எங்க நகர்ந்தாலும் சிப்பாய்க்கு வழி விடோணும். தாடியைச் சொறிஞ்சு சொறிஞ்சு பார்த்திட்டு, இந்தத் தரம் பாஸ், நான் நகராம சும்மா இருந்தா என்ன எண்டு கேட்டான். தாடி நரைச்சும், முறை வந்தா நகர்ந்தே ஆகோணுமெண்ட சட்டம் தெரியாதோ எண்டு நக்கலடிச்சன். பாவம், நகர்ந்தான். சிப்பாய் ராணியாயிட்டு. எங்கட செட்டில ராணி துலைஞ்ச நாளில இருந்து அம்மாவின்ர தைலப் போத்தல் மூடிதானே ராணி. தைலம் காயுது, மூடியைத் தாங்கோ எண்டு அம்மா குசினிக்குள்ள இருந்து கத்துவா, நான் வேணுமெண்டே இன்னொரு ஆட்டம் இழுப்பன். நேற்று ஆரும் கேக்கேல்ல. வெண்டவனும் நான், அழுததும் நான், மஷூர்தான் பிளேன்டீ ஊத்தித் தந்தான்.

அழேக்கதான் விளங்கிச்சு. சின்னனில நீயும் பாஸ் அப்பா பாஸ் எண்டு அழுவாய், நான் ஒருநாளும் விட்டதில்ல. போன கிழமை போனிலயும் அதைத்தான் செய்தன். செத்தவீட்டுக்குத்தான் வரேல்ல, முப்பத்தொராம் நாள் பூசைக்கும் வராட்டி எனக்கு மகனில்ல எண்டன். வந்தா உன்ர அகதிக் கேஸ் கிழிஞ்சுபோம், வராட்டி அப்பன் இல்ல. அந்த மூலையில உன்னை வச்சிட்டுக் கையை எடுத்திட்டன்.

மகன், சட்டத்தை மாத்திட்டன். இந்தத் தரம் நீ பாஸ். அசையாம அங்கயே இரு, பூசையில உன்ர மெழுகுதிரியையும் நானே கொளுத்துறன். நீ பாஸ் எண்டா அடுத்தது என்ர முறை, இந்த வெறும் வீட்டுக்குள்ள எங்க நகருறதெண்டு தெரியேல்ல, அது என்ர பாடு. நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு, மாதா உன்னைக் கைவிடமாட்டா. மூடியைத் திரும்பப் போத்தலில பூட்டிட்டன். அடியில கொஞ்சம் தைலம் கிடக்கு, நீ வந்து மணந்து பார்க்கும் வரைக்கும் காயாம இருக்கட்டும்.

வெண்டும் தோத்த கிழவன்,
உன்ர அப்பா
சவுந்தரநாயகம்