நூற்றுக்கு நான்கு

மார்ச் 3, திங்கள்

பொன்விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் டீனே கொடுத்துவிட்டார்: ‘நாட்டு வளர்ச்சியில் நமது அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பங்கு – பொருள் சோதனை ஆய்வகம்’. தலைப்பே அரைப் பக்கம் பிடிக்கும், மீதி ஒன்றரைதானே என்று ஒத்துக்கொண்டேன்.

டீன் என்னிடம் படித்தவர். கான்கிரீட் தாளை இரண்டு தடவை எழுதித் தேறியவர். இப்போது நான் அவரை ‘சார்’ என்கிறேன், அவர் என்னை ‘மேடம்’ என்கிறார். இரண்டு பேருக்கும் கொஞ்சம் கூச்சம்தான். “இருபத்தெட்டாம் தேதி அமைச்சர் வர்றார் மேடம். நம்ம லேப் நாட்டுக்கு என்ன செஞ்சிருக்குன்னு நாலு நம்பர் போட்டு எழுதுங்க” என்றார்.

என்ன செய்திருக்கிறோம்? உடைத்திருக்கிறோம். பாலமோ பள்ளிக்கூடமோ, கட்டுகிறவர்கள் அன்றைக்கு ஊற்றும் கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து ஆறு அங்குலக் கட்டியாக வார்த்து, இருபத்தெட்டு நாள் கழித்து எங்களுக்கு அனுப்புவார்கள். க்யூப் என்போம். அதை மெஷினில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்கியது என்று எழுதி நான் கையெழுத்துப் போட வேண்டும். தாங்கவில்லை என்றால் அந்தத் தூணை அப்படியே விடக் கூடாது. இருபத்தாறு வருஷமாக நாடு கட்டுவதையெல்லாம் நான் உடைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதை இப்படியே எழுதினால் மலரில் போட மாட்டார்கள்.

மார்ச் 7, வெள்ளி

ஒரு வரிகூட ஓடவில்லை. ‘மகத்தான’ என்று மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் அடித்தேன்.

மார்ச் 10, திங்கள்

இன்று மனம் நிறைந்திருக்கிறது. எழுதிவைத்துவிடுகிறேன், அடிக்கடி வருகிற விருந்தாளி இல்லை.

பத்து வருஷத்து முடிவுகளை மாதவாரியாகச் சராசரி போட்டு ஒரு கோடு வரைந்தேன். ஒன்பது வருஷம் கோடு ஆமை மாதிரி நகர்கிறது. போன ஏப்ரலில் சட்டென்று மேலே ஏறுகிறது. நூற்றுக்கு நான்கு! அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. போன வருஷ ஆரம்பத்தில்தான் தளப் பொறியாளர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்தினோம். ஆக, பலன் வந்திருக்கிறது. நாட்டின் கான்கிரீட்டே வலுவாகியிருக்கிறது. அதை எங்கள் கோடு காட்டுகிறது.

எழுதியே விட்டேன்: ‘ஒரே ஆண்டில் நாட்டின் கட்டுமான வலிமை நான்கு சதவீதம் உயர்ந்ததில் எமது பயிற்சிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.’ டீனிடம் காட்டினேன். “மேடம், இதைத்தான் அமைச்சர் பேச்சில் சேர்க்கப் போறேன்” என்றார். கடையில் நின்று டீ குடித்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியில் கண்ட தூண்களையெல்லாம் என் பிள்ளைகள் போலப் பார்த்தேன். இந்த வயதில் இவ்வளவு அசட்டுத்தனம் ஆகாது.

மார்ச் 11, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

பெருமையாகத் தராசிடம் கோட்டைக் காட்டினேன். தராசு எங்கள் டெக்னீஷியன். எதையும் எடை போட்டுத்தான் பேசுவார் என்பதால் அந்தப் பெயர், அவருக்கும் தெரியும். பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். “எல்லாருக்கும் நாலா மேடம்?” என்றார்.

“ஆமா. எல்லாருக்கும்தான்.”

“நம்ம பயிற்சிக்கு வராதவங்களுக்கும்?”

பிரித்துப் போட்டுப் பார்த்தோம். வந்தவருக்கும் நான்கு, வராதவருக்கும் நான்கு. நல்ல சிமென்ட் போடுகிறவருக்கும் கஞ்சனுக்கும் நான்கு. ஒரு நாடு முழுக்க ஒரே மாதத்தில் ஒரே அளவு திருந்துமா? திருந்தியது நாடு இல்லை. கெட்டது எங்கள் மெஷின்.

மெஷினும் இல்லை. நான்.

இந்த மெஷின் பிறவியிலேயே நூற்றுக்கு நான்கு குறைத்துக் காட்டும். அதனால் காட்டுகிற எண்ணோடு நான்கு கூட்டி எழுத வேண்டும் என்று நானே அட்டை எழுதி அதன் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன். கூட்ட மறந்தவர்கள் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், தராசும் ஒரு தடவை. போன ஏப்ரலில் மெஷினுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பொருத்த வந்தவர் அந்த நான்கை உள்ளேயே சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் கொடுத்த தாளில் ஏழாவது வரியில் அது தெளிவாக இருக்கிறது. கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்ட கையெழுத்து. பிறகு பதினோரு மாதமாக அது ஒரு தடவை கூட்ட, நாங்கள் ஒரு தடவை கூட்ட—

ஊரார் கட்டியதையெல்லாம் சரியா சரியா என்று பார்த்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு நாளாக நானும் தராசும் பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்துகிறோம். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. பெரும்பாலானவை நான்கைக் கழித்தாலும் தேறிவிடுகின்றன. பொதுவாகவே கொஞ்சம் கூடுதல் வலுவாகத்தான் போடுவார்கள். அந்தப் பழக்கத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

ஒன்பது தேறவில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு பள்ளியின் மாடிப்படி, சில வீட்டுத் தளங்கள். அப்புறம் கால்வாய்ப் பாலத்தின் மூன்றாவது தூண். வலு முப்பது இருக்க வேண்டும். முப்பது புள்ளி எட்டு என்று நான் சான்று கொடுத்திருக்கிறேன். உண்மையில் இருபத்தொன்பது புள்ளி ஆறு. பாலம் திறந்து ஐந்து மாதமாகிறது. பேருந்து ஓடுகிறது.

தராசு சாப்பிடப் போகவில்லை. “நான்தானே மேடம் கூட்டினேன்” என்றார். “கூட்டலேன்னா திட்டியிருப்பேன், போய்ச் சாப்பிடுங்க” என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

டீன் அறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். முழுவதும் கேட்டார். பிறகு, “கான்கிரீட் வயசாக ஆக வலு ஏறும்னு நீங்கதான் மேடம் சொல்லிக் கொடுத்தீங்க. இருபத்தெட்டு நாள்ல இருபத்தொன்பதரை இருந்தது இன்னைக்கு முப்பத்தஞ்சு ஆகியிருக்கும்” என்றார். உண்மை. நான் சொல்லிக் கொடுத்ததுதான். இரண்டாம் தடவை எழுதும்போது படித்திருப்பார் போல.

“ஆகியிருக்கலாம் சார். ஆகியிருக்கான்னு அளந்து பாக்கணும்.”

“விழா முடியட்டும். ஏப்ரல்ல எழுதுவோம். எழுதும்போது டெக்னீஷியன் கவனக்குறைவுன்னு ஒரு வரி போட்டா லேபுக்குப் பாதிப்பு குறையும். அவருக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட போயிடும்.”

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா? என் பதவி, என் ஓய்வுக்கு இன்னும் ஆறு வருஷம், எல்லாம் கண்முன் வந்து நின்றன. வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

வீட்டுக்காரருக்கு மருந்துக் கடை. விஷயத்தைச் சொன்னபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, “ஒரு பேட்ச் மாத்திரை தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே அலமாரில இருந்து இறக்கச் சொல்லி கம்பெனி ஆளே வந்து நிப்பான். சாப்பிட்டவங்க நல்லாத்தானே இருக்காங்கன்னு காத்துட்டிருக்க மாட்டான்” என்றார்.

“அந்தக் கம்பெனி ஆளுக்கு வேலை போகாது. எனக்குப் போகும்.”

“போனா கடைக்கு வா. உன்னை மாதிரி சீட்டைப் படிச்சுப் பாக்கற ஆளு வேணும்.”

“ஏழாவது வரியைப் படிக்காத ஆளு நான்.”

“இனிமே படிப்பே” என்றார். சிரித்துவிட்டேன். ஐந்து நாளில் முதல் தடவை.

மார்ச் 17, திங்கள்

ஒன்பது கடிதங்கள் போய்விட்டன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னால் ஆகாது. ‘திருத்தம் இருமுறை கூட்டப்பட்டது. பிழை ஆய்வகப் பொறுப்பாளராகிய என்னுடையது. உங்கள் கட்டுமானத்தில் துளையிட்டு மாதிரி எடுத்து மீண்டும் சோதிக்கக் கோருகிறேன்.’ மொத்தமே மூன்று வரி. மலருக்கு ஒரு வாரம் முக்கியும் வராத தமிழ் இதற்குத் தடையில்லாமல் வந்தது.

மற்ற எல்லோருக்கும் திருத்திய சான்று போகும். அட்டையைக் கிழித்தாயிற்று. டீனுக்கு ஒரு நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்தார். “ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாம் மேடம்” என்றார். சொல்லியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

மார்ச் 20, வியாழன்

கால்வாய்ப் பாலத்தின் பொறியாளர் போன் செய்தார். நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். இன்றைய குரலுக்கு போன் தேவையில்லை.

“பாலத்தைத் திறந்தாச்சு மேடம்! ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, எல்லாம் ஆச்சு. இப்ப தூணை ஓட்டை போடுன்னா எப்படி? பல்கலைக்கழகம்னு நம்பித்தானே உங்ககிட்ட அனுப்பறோம்?”

“ஆமாங்க.”

“ஆமான்னா?”

“நம்பினீங்க. நாங்க தப்புப் பண்ணிட்டோம். தூணைப் பாருங்க.”

வைத்துவிட்டார்.

மார்ச் 28, வெள்ளி

விழா நன்றாக நடந்ததாம். மலரில் என் இரண்டு பக்கத்தில் பல்கலைக்கழகத் தோட்டத்தின் வண்ணப்படம் வந்திருக்கிறது. பூக்கள் அழகு.

ஏப்ரல் 9, புதன்

விசாரணைக் குழு முடிவு வந்தது. ஆறு மாதத்துக்குச் சான்றுகளில் நான் கையெழுத்திடக் கூடாது. பக்கத்துத் துறைப் பேராசிரியர் வந்து போடுவார். தராசின் மேல் எதுவும் இல்லை. அந்த ஒரு வரியை டீன் கேட்கவும் இல்லை, குழு எழுதவும் இல்லை.

எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மத்தியானம் க்யூப் உடைத்து, எண்ணை எழுதி, அடியில் காலியாக விட்டபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. சிமென்ட் தூசி என்று தராசிடம் சொன்னேன். “ஆமா மேடம், இன்னைக்கு தூசி ஜாஸ்தி” என்றார்.

மே 22, வியாழன்

எட்டு இடத்து மாதிரிகளும் தேறிவிட்டன. டீன் சொன்னது போலவே வயதில் வலு ஏறியிருக்கிறது. நானே அவரிடம் போய், “நீங்க சொன்னது சரி சார்” என்றேன்.

ஒன்பதாவது தேறவில்லை. மூன்றாவது தூணின் அடியில் கான்கிரீட் சரியாக இறங்காமல் உள்ளே பொந்து. மேலிருந்து பார்த்தால் தெரியாது. நாங்கள் சரியாக எழுதியிருந்தால் திறப்பதற்கு முன்பே துளையிட்டுப் பார்த்திருப்பார்கள். கனரக வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். தூணைச் சுற்றிப் புதிதாகக் கான்கிரீட் கவசம் போடப் போகிறார்களாம்.

அந்தப் பாலத்தில் தினமும் பேருந்துகள் போயிருக்கின்றன. ஏப்ரல் வரை பொறுத்திருந்தால் என்று நினைக்கப் போய், நினைப்பை அப்படியே நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வேலை குறைந்துவிட்டது. பழைய வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தனியார் ஆய்வகங்களுக்குப் போய்விட்டார்கள். மெஷினைத் துடைத்து வைத்திருக்கிறோம். தராசு அதற்கு எண்ணெய் போடுகிறார், போட்டதற்கு மேலேயே போடுகிறார்.

அக்டோபர் 14, செவ்வாய்

கையெழுத்து உரிமை திரும்ப வந்து நான்கு நாள். போடத்தான் ஒன்றும் இல்லை என்று இருந்தபோது காலையில் ஒரு வண்டி வந்து பின்பக்கம் நின்றது. கால்வாய்ப் பாலம், மூன்றாம் தூண், புதுக் கவசத்தின் க்யூப்கள்.

கவசத்துக்கு நாற்பது வேண்டும். முதல் மூன்றை உடைத்தோம். சராசரி முப்பத்தெட்டு புள்ளி ஏழு. அடுத்த மூன்று, முப்பத்தெட்டு புள்ளி ஐந்து. தராசு என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பாரம் சரிபார்க்கும் இரும்பு வளையத்தை வைத்து மெஷினையே சோதித்தோம். மெஷின் சரி. கடைசி மூன்றும் அப்படியே.

ஆறு மாதம் கழித்துப் போடும் முதல் கையெழுத்து ‘தேறவில்லை’ என்பதன் கீழா? அதுவும் அந்தப் பாலத்துப் பொறியாளருக்கா? எல்லா வரியையும் படித்துவிட்டுப் போட்டேன். தாள் போய்ச் சேரும்வரை காத்திருக்க மனம் ஒப்பாமல் போன் செய்தேன்.

சொன்னேன். திட்டு வரும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

“எங்க ஆபீசுக்கு எதிர்லயே ஒரு லேப் இருக்கு மேடம்” என்றார். “நடந்தே போயிடலாம். உங்களுக்கு அனுப்ப அரை நாள் ஆகுது.”

“தெரியும்.”

“தெரியுதில்ல? சரி. கவசத்தை உடைச்சுட்டு மறுபடி போடறேன். இருபத்தெட்டு நாள் கழிச்சு அனுப்பறேன், நீங்களே பாருங்க.”

வைத்துவிட்டார். தராசிடம் சொன்னேன். காலண்டரில் நவம்பர் பக்கத்தைப் புரட்டி நாளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.