இஸ்திரி போட்ட சட்டை

ஒத்னியேல் கண்ணு,

மேல்படிப்பு விண்ணப்பத்தில், நீ மற்றவர்களைவிட எப்படி வேறுபட்டவன், என்னென்ன பாடு பட்டு வந்தவன் என்றெல்லாம் எழுதவேண்டுமாமே. "அம்மா, நாம ரொம்ப கஷ்டப்பட்டோமா?" என்று போனில் கேட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்த மயாமியில், நம் ஹைத்திக்காரர்களிலேயே, உன்னைப்போல் இஸ்திரி மடிப்புக் கலையாமல் பள்ளிக்கூடம் போனவன் யார்?

ஒரு கோடையில் கடற்கரையோரம் காரிலேயே படுத்துக்கொண்டோமே. "லீவுக்கு வந்திருக்கோம்டா" என்றேன், நீயும் குதித்தாய். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்த லீவு முடியவில்லை. சர்ச் சமையலறையில்தான் உன் சட்டைகளைத் தேய்ப்பேன். "வீட்டுல கரண்ட் இல்லையா?" என்பாள் பாஸ்டர் மனைவி. "இஸ்திரிப் பெட்டி ரிப்பேர்" என்பேன்.

காரை வேண்டுமானால் எழுதிக்கொள், உனக்கு இடம் கிடைக்கட்டும். சட்டை கசங்கியிருந்தது என்று மட்டும் எழுதிவிடாதே.

உன் அம்மா