பொட்டு வைத்த பற்றரிகள்

15.1.96 திங்கள்
மழை விட்டது. ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையின் உப்புக் காற்று விடவில்லை. வளவில் ஆட்கள் நிறுத்திவிட்டுப் போன பன்னிரண்டு காம்பர் வான்கள், கட்டிலும் அடுப்பும் குளிர்ப்பெட்டியுமாக. குளிர் முடியும்வரை பற்றரிகள் சாகாமல் பார்ப்பது என் பொறுப்பு.
செய்தவை: மைனஸ் வயர் கழற்றியது. முனைகளில் பூத்த வெள்ளையைச் சோடாத்தூள் தண்ணீரால் துலக்கியது. வடித்த தண்ணீர் விட்டது. சார்ஜ், முறை வைத்து.
இன்று பொங்கல். மனைவி ரஞ்சி வளவிலேயே பொங்கினாள். ஒவ்வொரு பற்றரிக்கும், கழற்றிய வயர் முனைக்கும் சந்தனப் பொட்டு, குங்குமம். சோறு போடுகிறவை அல்லவா.

17.1 புதன்
வெயில். ப்ரொஃபெஸோரே வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், வளவிலேயே பழைய வான் அவருடையது. திறப்பைத் திருப்பினார். சத்தமே இல்லை. மூடியைத் தூக்கிப் பொட்டைக் காட்டிக் கத்தல்:
"மந்திரப் பொடி பூசி என்ர பற்றரியைச் சாகடிச்சிட்டாய்! சனிக்கிழமை வான்காரர் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாறன். ஒரு வண்டி இஞ்சை மிஞ்சாது!"
போய்விட்டார். பிறகு பார்த்தேன். நான் கழற்றிய வயர் மாட்டியிருந்தது. முனைப் பொட்டில் ஸ்பானர் சுரண்டிய தடம். குளிர்ப்பெட்டி சுவிட்ச் பற்றரிக்குத் திருப்பியபடி. உள்ளே மீன் தண்ணீர், செதில்.
நேற்று நான் கபோச் சந்தையில், கடையில். அவரிடம் கேற் திறப்பு இருக்கிறது. நல்ல பெயர் எடுக்கவென்று கொடுத்தவன் நான்தான். பெரிய கெட்டித்தனம்!

18.1 வியாழன்
ரஞ்சி, ஈரத்துணி, வாளி.
"இஞ்சாருங்கோ, பொட்டெல்லாத்தையும் துடைச்சுவிடுவம். சனம் கண்டால் பயந்திடும். பன்னிரண்டும் போச்சுதெண்டால் திரும்பவும் சிஞ்ஞோராமாரின்ர வீட்டு நிலந்தான் துடைக்கோணும்."
"ஒண்டிலையும் கை வைக்காதை. எட்டு வருசம் அவையள் காட்டின இடமெல்லாம் துடைச்சனான். இது என்ர இடம்."
அவள் துணியைப் பிழிந்தாள். தண்ணீரை வேலியோரம் ஊற்றினாள்.

20.1 சனி
வான்களின் சொந்தக்காரர் எல்லாரும் வந்தார்கள். ஒரு சிஞ்ஞோரா பொட்டைக் கண்டு விரலால் கொம்பு காட்டினார், கண்ணூறு படாமலிருக்க. காட்டட்டும். வயர்களை மாட்டினேன், திறப்புகளை அவரவர் கையில் கொடுத்தேன்.
பதினொன்றும் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட். வளவு முழுக்கப் புகை.
பன்னிரண்டாவதான ப்ரொஃபெஸோரேயின் வானுக்குக் கூட்டிப் போனேன். சுரண்டிய பொட்டைக் காட்டினேன். பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். நாற்றம்.
கொம்பு காட்டிய சிஞ்ஞோராதான் முதலில்: "ப்ரொஃபெஸோரே, என்ன மீன் அது?"
சிரிப்பு.
"செவ்வாய்க்கிழமை வாங்கினது... இஞ்சை சாப்பிட்டு முடியுமட்டும் பெட்டியிலை வச்சனான். சுவிட்சை நிப்பாட்ட மறந்திட்டன்." ப்ரொஃபெஸோரேயின் குரல் இறங்கிவிட்டது.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். எனக்கு அது தேவையில்லை.
"கேற் திறப்பைத் தாங்கோ."
வளையத்திலிருந்து கழற்ற நகத்தால் ஏலவில்லை அவருக்கு. எல்லாரும் பார்த்துக்கொண்டு. நானும். உதவவில்லை.