கொள்ளிடக்கரை பெஞ்சுக்கு எந்தப் பூச்சு?

14 மே 2024, செவ்வாய்

காலையில் கரண்ட் இல்லை. பூச்சு அடிக்கிற கம்ப்ரசர் ஓடாமல் பட்டறையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது மகேஷ் அண்ணன் வண்டியில் ஆறு பெஞ்சைக் கொண்டுவந்து இறக்கினார். தேக்கு. அவர் கடையில் செய்தது. பாலிஷ் மட்டும் என் வேலை. எறையூர் பக்கம் கருப்பண்ணன் என்று ஒருவர், போன தை மாதம் இறந்துபோன மனைவி செல்வம்மாள் பேரில் திருமழபாடியில் கொள்ளிடக் கரையில் போடச் சொல்லிச் செய்தவை. காரியம் பண்ண வருகிறவர்கள் உட்கார்வதற்கு.

“மெலமைன் அடிச்சிடு. கண்ணாடி மாதிரி இருக்கணும்.”

வெட்டவெளியில் போடுகிற பெஞ்சுக்கு மெலமைனா? அது வீட்டுக்குள் இருக்கும் கட்டிலுக்கும் அலமாரிக்கும். வெயில் மழையில் மரம் விரியும், சுருங்கும். அந்தப் பூச்சு அசைந்து கொடுக்காது, வெடிக்கும். வெடிப்பில் தண்ணீர் இறங்கினால் செதில் செதிலாக உரியும்.

“எண்ணெய் அடிக்கலாம்ணே. மரத்துக்குள்ள இறங்கிடும். உரியாது.”

“மங்கலா இருக்கும். திறப்பு அன்னிக்கு போட்டோ எடுப்பாங்க. நீ எனக்கு மரத்தைப் பத்திச் சொல்றியா கலைமணி?”

பதினாறு வருஷமாக உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் விரலில் ரேகையே இல்லை. நான் சொல்லாமல் வேறு யார் சொல்வதாம்?

16 மே

மறுபடியும் சொன்னேன். எண்ணெய் வேண்டாம் என்றால் வெளிமரத்துக்கென்றே வருகிற பி.யு. பூச்சு இருக்கிறது, மினுக்கும் இருக்கும், வெயிலும் தாங்கும் என்றேன். அது காய நேரம் பிடிக்குமாம். கருப்பண்ணன் ஐயா நம்பரைக் கொடுங்கள், நானே கேட்கிறேன் என்றேன். “பார்ட்டிகிட்ட நீ எதுக்குப் பேசணும்?”

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். அரியலூரில் சிமென்ட் லோடு ஏற்றிவிட்டு வந்த அலுப்பில், “வேலை குடுக்குறவரு சொன்னத செஞ்சிட்டுப் போயேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

21 மே

அடித்துவிட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

திறப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பளபளவென்று ஆறு பெஞ்சு. நடுவில் மகேஷ் அண்ணன், கழுத்தில் துண்டு. ஓரத்தில் ஒல்லியாக நிற்கிறவர்தான் கருப்பண்ணனாக இருக்கும். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவர் மட்டும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

28 நவம்பர், வியாழன்

ஆத்திரம் தாங்கல. எழுதினாத்தான் அடங்கும்.

புது நம்பர்லேர்ந்து போன். கருப்பண்ணன் ஐயாவாம். “பெஞ்சுக்கு பாலிஷ் போட்டது நீதானா? என்னத்தம்மா பூசின? பொண்டாட்டி பேர எழுதி வச்சிருக்கேன்ம்மா அதுல! நேத்து காரியத்துக்கு வந்த அம்மா கைய ஊனி எந்திரிச்சப்ப, உரிஞ்சு நிக்கிற சில்லு உள்ளங்கையில ஏறிடுச்சு. ரத்தம்.”

என் நம்பரை மகேஷ்தான் கொடுத்தாராம். மே மாசம் நான் ஐயா நம்பரைக் கேட்டா தரமாட்டாரு. திட்டு வாங்க மட்டும் என் நம்பர்! அதோட, “பொம்பளைகிட்ட பாலிஷ் வேலைய விட்டது என் தப்பு”ன்னு வேற சொல்லியிருக்காரு.

பொம்பளை. ஆமா, அந்தப் பொம்பளை எத்தன தடவ சொன்னா?

1 டிசம்பர், ஞாயிறு

பஸ் பிடித்துத் திருமழபாடிக்கே போய்விட்டேன். ஒவ்வொரு பெஞ்சாகக் குனிந்து பார்த்தேன். பூச்சுக்கு அடியில் பால் கொட்டினது போல வெள்ளை வெள்ளையாக. பெஞ்சுக் கால்களின் அடியில் தண்ணீர் ஊறிக் கறுத்துப்போய். ‘செல்வம்மாள் நினைவாக’ என்று செதுக்கிய இடத்தில் பாதி எழுத்தின் மேல் பூச்சு உரிந்து தொங்குகிறது.

போனில் சொல்லியிருந்ததால் கருப்பண்ணன் ஐயாவும் வந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“இது உரியும்னு மகேஷுக்குத் தெரியுமா?”

“சொன்னேங்க. அவரு நம்பல.”

“உனக்கு?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் பூசின.”

அவ்வளவுதான் கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருக்கலாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் முழுக்க அவர் மேல் கோபம். என்னைப் பார்த்து எப்படிக் கேட்கலாம்? கூலிக்கு அடிக்கிறவள் நான். சொன்னேனே! அரியலூர் தாண்டியதும்தான் உறைத்தது. என் வேலை சொல்வதா, பூசுவதா? பூசினது என் கை.

4 டிசம்பர்

மகேஷ் கடைக்குப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். நாற்காலியை விட்டு எழவேயில்லை மனுஷன். “மேலாக்க இன்னொரு கோட் அடிச்சு விட்டுடு. பொங்கல் வரைக்கும் தாங்கும்.”

“பொங்கலுக்கு அப்புறம் யாரு கைய கிழிக்கணும்ணே? அதையும் இப்பவே சொல்லிடுங்க!”

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும். எனக்கென்று வைத்திருந்த ஊஞ்சல் வேலை சாயங்காலமே வேறு ஆளுக்குப் போய்விட்டது.

18 ஜனவரி 2025, சனி

மழை விட்டு மரம் காயக் காத்திருந்தேன். இன்று ஸ்கிராப்பரோடு போய் முதல் பெஞ்சில் கைவைத்தேன். பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்று கருப்பண்ணன் ஐயாவிடம் முன்பே போனில் சொல்லியிருந்தேன். வந்து தலைமாட்டில் நின்றுகொண்டார்.

இந்த முறை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். “பி.யு.ன்னா பளபளப்பா இருக்கும், சில வருஷம் ஓடும். விட்டுப்போச்சுன்னா மொத்தமும் இப்படித்தான் சுரண்டணும். எண்ணெய் மங்கல்தான். உரியாது. ஆனா வருஷா வருஷம் ஒருத்தர் வந்து தேய்ச்சு விடணும். இல்லேன்னா வெளுத்துடும்.”

“யாரு தேய்க்கிறது?”

“யாரு வேணா தேய்க்கலாங்க. ஒரு துணி போதும்.”

சுரண்டிய பலகையைக் கையால் தடவிப் பார்த்தார். “அவ பட்டுப்பொடவையவே மூணு தடவைக்கு மேல கட்டல. மினுக்குனாலே கூச்சம். எண்ணெயே போடும்மா. தை மாசம் திதி குடுக்க எப்படியும் வருவேன்.”

22 ஜனவரி

ஆறும் முடிந்தது. தண்ணீர் ஏறாமல் இருக்கப் பெஞ்சுக் கால் அடியில் எபாக்சிப் பசையும் வைத்துவிட்டேன். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள் என்று ஐயாவிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நம்பவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

3 ஏப்ரல்

மகேஷ் கடையிலிருந்து இதுவரை ஒரு வேலையும் இல்லை. என்னைப் பற்றி ஊரெல்லாம் என்னமோ சொல்கிறாராம். கோபம் இன்னும் போகல. எதுக்குப் போகணும்?

31 ஜனவரி 2026, சனி

அரும்பாவூரில் ஒரு வீட்டுத் தோட்டத்து மேசைக்குப் பூச்சு பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்கு மெலமைன் மேல் ஆசை. முடியாது என்றேன், வேறு ஆளைப் பாருங்கள் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அப்போதுதான் போன். கருப்பண்ணன் ஐயா. எடுத்ததுமே சிடுசிடுப்பு.

“காலையிலேர்ந்து அஞ்சு பெஞ்சு தேய்ச்சிட்டேன். ஆறாவதுல ஒருத்தர் வந்து உக்காந்தவரு எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. இப்பத்தான் யாருக்கோ காரியம் முடிச்சிருக்காரு போல. எண்ணெயக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். என்னம்மா பண்றது?”

“எண்ணெய் கெட்டுப்போவாதுங்க. அவரு மெதுவா எந்திரிக்கட்டும்.”

எண்ணெய் டப்பாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“சரி. நானும் அவரு பக்கத்துல செத்த உக்காந்துக்கிறேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.