யாரோ ஒருத்தி கை தட்டினாள்

லார்க்வேல், சஸ்காச்சுவான்
4 மார்ச் 1997

லோர்னா கண்ணுக்கு,

நேற்றுதான் வீடு வந்து சேர்ந்தேன். ரயிலில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போய்விட்டது. இறுதிப் போட்டிக்குக்கூட இருக்காமல் சனிக்கிழமை ராத்திரியே சொல்லாமல் கிளம்பி வந்துவிட்டேன். தேடியிருப்பாய். மன்னித்துக்கொள். நீ தோற்றதை வண்டியிலேயே யாரோ ரேடியோவில் கேட்டுச் சொன்னார்கள். நான் அங்கே இருந்திருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அரையிறுதியில் நான் செய்ததை எந்த முகத்தோடு எழுதுவது? எதிர் அணியில் அந்தக் கிழக்குக் கரைப் பெண் கோரின் கடைசிக் கல்லை ஐஸில் வழுக்கி விட்டாள். அது வளையத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தால் நீ அப்போதே தோற்று வீட்டுக்கு வந்திருப்பாய். பாதியில் எதிலோ மாட்டிச் சறுக்கி விலகிப் போயிற்று. நான் எழுந்து நின்று கை தட்டினேன். தட்டினது மட்டுமா, விசிலும் அடித்தேன். அத்தனை பெரிய அரங்கத்தில் என் சத்தம் ஒன்றுதான்.

முப்பது வருஷமாக இந்தக் கர்லிங் கல்லாட்டத்தைப் பார்க்கிறேன். எதிராளி நன்றாக விட்டால் தட்டுவோம், தப்பாக விட்டால் வாயை மூடிக்கொண்டு இருப்போம். இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் கோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஊரில் எல்லோரும் என்னிடம் தேனாகப் பேசுகிறார்கள். நீங்கள் எல்லோரும் க்ளப்பில் சேர்ந்து டிவியில் பார்த்தீர்களாமே என்று கேட்டால் உடனே பனியைப் பற்றிப் பேச்சை மாற்றுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

என் பிள்ளை தாரஸ் உன்னை விட்டுவிட்டுப் போனான். நான் விடவில்லை. இந்த ஆட்டம்தான் நமக்குள் மிச்சம் இருக்கிற கயிறு, அதையும் நானே அறுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் அத்தை,
தெக்லா

----

ரெஜைனா
11 மார்ச் 1997

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இதற்குப் போய் இப்படி மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளலாமா? ஆட்டம் முடிந்ததும் வழக்கம்போல ஜெயித்த நாங்கள்தான் அவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுத்தோம். ஒரே மேஜையில் உட்கார்ந்து சிரித்துப் பேசினோம். கோரின் கொஞ்சம் அழுதாள், பிறகு சரியாகிவிட்டாள். “கல்லுக்கு அடியில ஏதோ முடி மாட்டிக்கிச்சு, யார் என்ன பண்ண முடியும்”னு அவளே சொன்னாள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த வருஷம் நீங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்த்தால் என்ன? முழங்கால் வலியோடு எதற்கு அவ்வளவு தூரம்? டிவியில் இன்னும் தெளிவாகவே தெரியும்.

பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்து வைத்திருப்பீர்கள். எனக்கும் சேர்த்துச் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
லோர்னா

----

லார்க்வேல்
20 மார்ச் 1997

லோர்னாவுக்கு,

டிவியில் தெளிவாகத் தெரியும் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னது சரிதான்.

பக்கத்து வீட்டு ஆர்லீன் ஆட்டத்தை டேப்பில் பிடித்து வைத்திருந்தாள். கேட்டதற்கு, “அது அழிஞ்சு போச்சு தெக்லா”ன்னாள். மறுநாள், “என் மருமகன் எடுத்துட்டுப் போயிட்டான்”னாள். அவள் முழி சரியில்லை. விடாமல் அரித்தேன். கடைசியில், “எடுத்துட்டுப் போ. ஆனா நான் கொடுத்தேன்னு சொல்லாதே”ன்னு கையில் திணித்தாள்.

டிவிக்காரர்கள் உங்கள் காலரில் மாட்டும் மைக்கை நான் மறந்தே போயிருந்தேன். அரங்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு அது எங்கே கேட்கப்போகிறது? கோரினோடு ஆடும் அந்த உயரமான பெண் உன்னிடம் வந்து, “உங்க ஆளா அது?”ன்னு கேட்கிறாள். நீ திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்கிறாய்: “எங்க ஆளா? சே, இல்லப்பா. யாரோ. எனக்குத் தெரியாது.”

அப்போது கேமரா என்னைக் காட்டுகிறது. நான் திரும்பும்போது என் ஜாக்கெட் முதுகில் மொரோஸ் என்று நம் குடும்பப் பெயர் எழுதியிருக்கிறது. அடுத்து உன்னைக் காட்டுகிறது. உன் முதுகிலும் அதேதான். இதைக் க்ளப்பில் ஊரே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. நான் கை தட்டினதற்காகத்தான் பேச்சை மாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பாவம் பார்த்திருக்கிறார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

சட்டப்படி நீ சொன்னது பொய் இல்லை. விவாகரத்து ஆனவளுக்கு மாமியார் ஏது? இனிமேல் நான் வரமாட்டேன். நீ நிம்மதியாக ஆடு.

தெக்லா மொரோஸ்

----

ரெஜைனா
27 மார்ச் 1997

அன்புள்ள அத்தைக்கு,

எத்தனையோ முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். மைக் இருப்பது மறந்துவிட்டது என்று ஒரு கடிதத்தில் எழுதினேன். ஆட்டத்தின் பதற்றம் என்று இன்னொன்றில். இரண்டும் சப்பைக்கட்டு. உங்களுக்குக் கேட்டிருக்காது என்று நம்பித்தான் போன கடிதத்தில் ஒன்றும் தெரியாதவள் மாதிரி எழுதினேன். வீட்டிலேயே இருங்கள் என்று சொன்னது உங்கள் முழங்காலுக்காக இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல் விலகியபோது எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நல்ல ஆட்டக்காரி அப்படி நினைக்கக் கூடாது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “ஐயோ பாவம்”னு சொல்லத் தயாராக இருந்தேன். அந்த நேரம் பார்த்து நீங்கள் தட்டினீர்கள். நான் மனசுக்குள் பொத்தி வைத்ததை யாரோ எல்லோர் முன்னாலும் இழுத்துப் போட்ட மாதிரி இருந்தது. அதனால்தான் தெரியாது என்றேன். உங்களைத் தள்ளிவிட்டு நான் நல்லவளாகிக்கொண்டேன்.

தாரஸ் என்னை விட்டுப் போன அந்த வாரத்தில் என் அம்மாகூட, “அவன் குடும்பத்தோட சகவாசமே வேண்டாம்”னு சொன்னாள். நீங்கள் மட்டும் சூப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து நின்றீர்கள். அப்படிப்பட்டவரைத்தான் யாரோ என்றேன். நினைத்தால் கூசுகிறது.

திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள், அத்தை.

லோர்னா

----

ரெஜைனா
15 அக்டோபர் 1997

அன்புள்ள அத்தைக்கு,

கோடை போய்விட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போன் செய்தால் முட்டைக்கோஸ் விளைந்ததையும் காற்றடித்ததையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நான் பேச்சை எடுத்தாலே, “அடுப்புல ஏதோ தீயுது”ங்கறீங்க. எத்தனை தடவைதான் தீயும்?

அரங்கில் ஐஸ் போட்டாயிற்று, ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. பிப்ரவரியில் மாகாணப் போட்டி. எங்கள் குடும்பத்தார் வரிசையில் உங்களுக்கு ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் வராவிட்டால் அது காலியாகவே இருக்கும், வேறு யாரையும் உட்கார வைக்கமாட்டேன்.

உங்கள்
லோர்னா

----

லார்க்வேல்
10 பிப்ரவரி 1998

லோர்னாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணம் என்று நினைத்திருப்பாய். கோபம் உன் மார்ச் மாதக் கடிதத்தோடு போய்விட்டது. மிச்சம் இருந்தது வெட்கம்தான். அந்த டேப்பில் உன் பேச்சை மட்டும் நான் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்த்தேன். வாயெல்லாம் பல். எனக்கு அத்தனை சந்தோஷமான முகம் ஒன்று இருப்பதே தெரியாது. கல்யாண போட்டோவில்கூட அப்படிச் சிரிக்கவில்லை. கீழே ஐஸில் அந்தக் கோரின், சின்னப்பெண், முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அவளைப் பார்த்து அந்தச் சிரிப்பு. சிரிக்கிறவள் யாரென்று என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். அந்த முகத்தை உன் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் ஆட்டம் முழுவதும் பார்த்தேன். ஆனால் டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் என்ன சொல்லப்போகிறாயோ என்ற பயம்தான். நன்றாக ஆடினாய். ஏழாவது சுற்றில் வளையத்துக்குள் இருந்த எதிராளி கல்லை அடிக்காமல் ஏன் அப்படியே விட்டாய் என்பதுதான் புரியவில்லை. கேட்க வேண்டும்.

ஜெயித்ததும் நீ நேராகக் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாய். உன் உதடு அசைந்தது தெரிந்தது. ரொம்ப நேரம் சொன்னாய். அழுதாய் போலவும் இருந்தது.

இரண்டு நிமிஷத்தில் ஆர்லீன் ஷூவுக்கு லேஸ்கூடக் கட்டாமல் பனியில் ஓடி வந்தாள். “கேட்டியா? கேட்டியா தெக்லா?”ன்னு மூச்சு வாங்குகிறாள்.

“சத்தத்தை அணைச்சு வச்சிருந்தேன்”னேன்.

“அடிப்பாவி”ன்னு நாற்காலியில் விழுந்தாள். சொல்ல வாயெடுத்தாள், நான் அவள் வாயைக் கையால் பொத்திவிட்டேன்.

அதிலிருந்து கடைக்குப் போனால் கடைக்காரர், சர்ச்சுக்குப் போனால் பாதிரியாரின் மனைவி, எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்ல வருகிறார்கள். போன வருஷம் வாயைத் திறக்காத அதே ஜனம்தான். சொன்னால் பேச்சை முறித்துக்கொள்வேன் என்று மிரட்டி வைத்திருக்கிறேன்.

போன வருஷம் நீ சொன்னது ஊருக்குக் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. இந்த வருஷமும் அப்படியே ஆகிவிட்டது. ஊருக்குச் சொன்னது போதும் லோர்னா. சாலையில் பனி குறைந்ததும் காரை எடுத்துக்கொண்டு வா. சமையலறையில் நாம் இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். என் முகத்தைப் பார்த்து நீயே சொல்லு, நானும் உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

சீக்கிரம் வா. ஆர்லீனை ரொம்ப நாள் அடக்கி வைக்க முடியாது.

உன் அத்தை,
தெக்லா